யாருடைய கொழுப்பு?

"சந்தேகமே வேண்டாம், இது உங்க பக்கம்தான். இதுக்குப் போய் எனக்கும் ஊசி குத்தி ரத்தம் எடுத்தாங்க!"

"ஏன், உன் பெரியண்ணன் பாதி மாடி ஏறுறதுக்குள்ள உக்கார்ந்துடுறாரே, அது யார் பக்கம்?"

"அண்ணன் சும்மாவே உக்காருவார். அதுக்கு மாடி எதுக்கு?"

ஆஸ்பத்திரி நாற்காலிகளை வரிசையாக ஒரே கம்பியில் பூட்டியிருந்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் கோபத்தில் அசைந்தபோதெல்லாம் அவருடைய மனைவியான தையல்காரியும் சேர்ந்து ஆடினாள். நடுவில் உட்கார்ந்திருந்த மகள் சிட்டு இரண்டு பேருக்கும் சேர்த்து ஆடினாள்.

பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்திருந்தார்கள். ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கும் சிட்டுவுக்குத்தான் கொலஸ்ட்ரால் எக்கச்சக்கம் என்று வந்தது.

"இது சாப்பாட்டால வந்ததில்லை, பரம்பரையா வர்றது," என்று போன தடவை சொல்லியிருந்தார் டாக்டர். "இப்பவே தெரிஞ்சது நல்லதாப் போச்சு, மாத்திரையில அடக்கிடலாம். விட்டிருந்தா சின்ன வயசுலயே மாரடைப்பு வரும். ஆனா இதைக் கொடுத்தவர் உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர். அவருக்கும் ஆபத்துதான். யாருன்னு பார்த்துடணும்."

இருவரும் சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்த நாளிலிருந்து வீட்டில் இதே வழக்குதான்.

"உனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்றேன்," என்றார் மெக்கானிக். "இன்னைக்கு டாக்டரே சொல்லப் போறார்."

"இவளோட கண்ணு என்னோடது. ஊசி கோக்குற விரல் என்னோடது. கணக்குல கோட்டை விடுறதும் நெஞ்சடைக்கிறதும்தான் உங்க வீட்டுச் சொத்து."

"நான் தூக்கத்துல குறட்டை விடுறது அப்பா மாதிரிதானே?" என்றாள் சிட்டு. "அப்ப இதுவும் அப்பாதான்."

"துரோகி," என்றார் அப்பா.

உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் முடிவுகளைப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பிறகு, "பாப்பா, வெளியில மீன் தொட்டி இருக்கு. கொஞ்ச நேரம் பார்த்துட்டு இரும்மா," என்றார்.

கதவு சாத்தியதும் மெக்கானிக் நாற்காலி நுனிக்கு வந்தார். "சொல்லுங்க டாக்டர். யாரு?"

"சார், நீங்களும் கொஞ்சம் வெளியில இருந்தீங்கன்னா, நான் அம்மாகிட்ட தனியா…"

"பார்த்தியா, நீதான்!" என்று அவர் துள்ளி எழுந்தார்.

"உக்காருங்க நீங்க," என்றாள் தையல்காரி. "எதுவா இருந்தாலும் இவர் முன்னாடியே சொல்லுங்க டாக்டர். எங்களுக்குள்ள ஒளிவுமறைவு கிடையாது."

டாக்டர் பேனா மூடியைக் கழற்றினார். திரும்ப மாட்டினார்.

"உங்க ரெண்டு பேருக்குமே கொலஸ்ட்ரால் சரியா இருக்கு. துளிகூட அதிகமில்லை. ஆனா பெத்தவங்கள்ல ஒருத்தருக்காவது இது இருக்கணும். அதனால… எப்படிக் கேக்குறதுன்னு தெரியலைம்மா… குழந்தையோட அப்பா…"

"அதான் பக்கத்துல உக்கார்ந்திருக்காரே."

"அவர் இல்லம்மா. பெத்த அப்பா."

மெக்கானிக் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்டவரின் முகம். அவளுக்கோ முகமே வெளுத்துவிட்டது. கை தானாகப் போய் வாயைப் பொத்தியது.

"ஐயோ, ஏங்க…"

"அட, ஆமா!" அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். அடுத்த நொடி இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சுத்தமா மறந்தே போச்சு டாக்டர்! அவ கைக்குழந்தையா இருக்கும்போது காப்பகத்துல இருந்து தத்தெடுத்துட்டு வந்தோம். அவளுக்கும் தெரியும். அவளும்ல மறந்துட்டா!"

டாக்டர் விட்ட பெருமூச்சில் மேசைமேல் இருந்த காகிதம் பறந்தது.

"நல்லவேளை! அப்ப உங்க ரெண்டு பேருக்கும் இதுல சம்பந்தமே இல்லை. நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

சிரிப்பு நின்றது. தையல்காரி சட்டைக் கையைச் சுருட்டி, கையை மேசைமேல் நீட்டினாள்.

"அப்படிச் சொல்லாதீங்க டாக்டர். என்னோடதை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்களேன்… கொஞ்சமாவது இருக்கும்."