எதிர் வீட்டு முகம்

சுவரில் மாட்டியிருந்த படத்தின் மேலிருந்த துணியை விலக்கியதும் இறந்தவரின் மகள் விக்கி விக்கி அழ ஆரம்பித்தாள்.

"அப்பா இவ்வளவு இளைச்சுட்டாரா? போன்ல கேட்டா நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவாரே."

ஓவியர் தலை குனிந்து நின்றார். துக்கம் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது முன் வரிசையில் உட்கார்ந்திருந்த கேலரிக்காரரின் முகத்தை.

கேலரிக்காரர் மனது வைத்தால் அடுத்த மாதமே தனிக் கண்காட்சி. 'நகரத்து முகங்கள்' என்று தலைப்புகூடத் தயார். இந்தப் பெரிய நகரத்தில் எவனும் எவன் முகத்தையும் பார்ப்பதில்லை, நான் ஒருவன்தான் பார்க்கிறேன் என்று இருபது வருடமாக மேடைக்கு மேடை அளந்துவிட்டவர் அவர். இதுவும் கை நழுவிப் போனால் அப்புறம் வெளியே தலைகாட்ட முடியாது.

அந்த நேரம் பார்த்து வசமாக வாய்த்தது எதிர் வீட்டுச் சாவு.

பெரியவர் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தவர். ஆம்புலன்ஸ் வந்து பத்தே நிமிடத்தில் எடுத்துப் போனது. அந்த மாடியில் ஒரு கதவுகூடத் திறக்கவில்லை. வெளிநாட்டு மகள் ஒன்பது வருடம் கழித்து, எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தாள். வீட்டையே புரட்டிப் போட்டும் கிடைத்தது நாற்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணப் படம் ஒன்றுதான்.

"இரங்கல் கூட்டத்துல வைக்கறதுக்கு ஒரு படம் இல்லையே" என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் கையைப் பிசைந்தபோது ஓவியர்தான் முன்வந்தார்.

"போட்டோ எதுக்கு சார்? பதினோரு வருஷமா பார்த்த முகம். லிஃப்ட்ல என்கூடவே ஏறுவார். எதிர்க் கதவுகிட்ட நின்னு ஒரு தலையாட்டு ஆட்டுவார். கண்ணை மூடினா அப்படியே தெரியறார். நான் வரைஞ்சு தர்றேன்."

வரைந்தும் தந்துவிட்டார். ஒட்டிய கன்னம், நரைத்த மீசை, ஒரு பக்கம் சரிந்த தோள். இடது கையில் மடித்துப் போட்ட வெள்ளைச் சட்டைகள்.

"அது என்ன சார், கையில?" என்றார் கேலரிக்காரர்.

ஓவியர் இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தார்.

"எப்பப் பார்த்தாலும் அவர் கையில இஸ்திரி போட்ட துணி இருக்கும். அவ்வளவு சுத்தமான மனுஷர். இந்த நகரம் அவரைக் கசக்கிப் போட்டுடுச்சு. அவர் சட்டையை மட்டும் அதால கசக்க முடியல. என் படம் சொல்றதே அதுதான்."

அவருடைய சொந்தச் சட்டை, படுத்து எழுந்த மாதிரி கசங்கிக் கிடந்தது. மடிப்புக் கலையாத சட்டை போட்டவன் கலைஞனே இல்லை என்பது அவருடைய நெடுநாள் கொள்கை.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படத்தைப் பார்த்தாள். "அப்பாவுக்கு மீசையே பிடிக்காதே. எப்ப வச்சார்?"

கேலரிக்காரர் நிமிர்ந்தார். ஓவியருக்குத் தன் கண் மீது அபார நம்பிக்கை.

"தனியா இருக்கறவங்க அப்படித்தாம்மா, என்னத்தையாவது மாத்திப் பார்ப்பாங்க. நீங்க வந்து பார்த்து ஒன்பது வருஷம் ஆச்சு இல்லையா?"

அவ்வளவுதான். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் சரிந்தாள்.

குடியிருப்புக்காரர்கள் ஒவ்வொருவராகப் படத்தருகே வந்தார்கள். சாவு விழுந்த அன்று கதவைத் திறக்காதவர்கள் இன்று கைக்குட்டையோடு வந்திருந்தார்கள்.

"அப்படியே உயிரோட நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள் ஐந்தாம் மாடி அம்மாள்.

"தினம் பார்த்த முகமாச்சே" என்று உச்சுக் கொட்டினார் அவள் கணவர்.

செயலாளர் அவர்களையும் மிஞ்சிவிட்டார். மைக்கைப் பிடித்து, "இந்த முகத்தோட நான் பேசாத நாளே கிடையாது" என்றார், வாய் கூசாமல்.

கேலரிக்காரர் எழுந்து வந்து ஓவியரின் கையைப் பிடித்துக்கொண்டார். "முடிவு பண்ணிட்டேன் சார். அடுத்த மாசம் உங்க கண்காட்சி. முதல் படம் இதுதான். அழைப்பிதழ்லயும் இந்த முகத்தையே போட்டுடலாம்."

ஓவியருக்குத் தலைகால் புரியவில்லை. செத்துப்போன பெரியவருக்கு மனதுக்குள் ஒரு நன்றிகூடச் சொல்லிக்கொண்டார்.

அப்போது கீழ்த்தள அரங்கின் கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் எட்டிப் பார்த்தார். தெருமுனை லாண்டரிக் கடைக்காரர். இரண்டு வாரம் கடையைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தார். மூன்றாம் மாடிப் பெரியவர் வீட்டு மணியை அடித்து அடித்து அலுத்து, யாரையாவது கேட்கலாம் என்று இறங்கி வந்திருந்தார். இடது கையில் மடித்துப் போட்ட வெள்ளைச் சட்டைகள்.

ஒருவரும் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை. அங்கிருந்த குடியிருப்புக்காரர்கள் அத்தனை பேர் உடம்பிலும் அவர் தேய்த்துக் கொடுத்த துணிதான் இருந்தது, ஓவியரைத் தவிர.

"கூட்டம் நடக்குதுல்ல? துணியை வாசல்ல வச்சுட்டுப் போப்பா" என்றார் செயலாளர், திரும்பாமலே.

அவர் போகவில்லை. சுவரைப் பார்த்தார். தன் கையிலிருந்த சட்டைகளைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"போறேன் சார். என் படத்த எதுக்கு இங்க மாட்டியிருக்கீங்க?"