முதுகில் சுட்ட வெயில்

காதுமணி அணியாதவர்களே அப்போது ஊரில் இல்லை. எதைக் கேட்டாலும் அது விடையைக் காதுக்குள் சொல்லிவிடும். இருந்தும் தூத்துக்குடி ஜெசிந்தா தினமும் காலையில் தன் இணையக் குழுவில் ஒரு பொது அறிவுக் கேள்வி போடுவாள். காதுமணியைக் கழற்றிவிட்டுப் பதில் எழுத வேண்டும் என்பதுதான் விதி. யாரும் கழற்றுவதில்லை. வருகிற விடைகளெல்லாம் எழுத்துப் பிசகாமல் ஒன்றுபோலவே இருந்தன. குழுவை மூடிவிடலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றியிருந்தது.

அன்று, "வானவில் எந்தப் பக்கம் தோன்றும்?" என்று கேட்டிருந்தாள்.

ஒரு பதில் மட்டும் தாறுமாறாக வந்தது.

"கிழக்கேன்னு எழுத வந்தேன். ஆனா ஒருநாள் காலையில துறைமுகத்துல மேற்க பாத்திருக்கேன். அப்ப வெயில் என் முதுகுல சுட்டுச்சு. அதனால சூரியனுக்கு எதிர்ப்பக்கம்."

எழுதியவர் அவள் கணவர் ராயப்பன்.

ஜெசிந்தா உள்ளே ஓடினாள். காதுமணி மேசைமேல் கிடந்தது. அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"யோசிச்சு யோசிச்சு மண்ட வலிக்கி, ஜெசி. சரியா, தப்பா?"

"சரிதாங்க."

"நாளைக்கு என்ன கேக்கப் போற?"

"அத மட்டும் சொல்ல மாட்டேன்."

அவர் பதிலைக் குழுவின் உச்சியில் ஏற்றி, ஊரே பார்க்கட்டும் என்று அதன் கீழே எழுதினாள்: "இவர் என் வீட்டுக்காரர்."