ஆணியில் மாட்டிய சாவி

திருடும்போது பிடிபடுவதுதான் உலக வழக்கம். ராசாத்தி திருப்பி வைக்கும்போது பிடிபட்டாள்.

காலை ஆறு மணி. வந்தவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். ஸ்கூட்டர் சாவியை எடுத்து, நிலைப்படி ஓரத்து ஆணியில் மாட்டினாள். கதவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அருள்சாமி எழுந்தார்.

"ஆக, நீதான்."

ராசாத்தி மறுக்கவில்லை. "காப்பி வெக்கட்டுங்களா?" என்றாள்.

அருள்சாமி ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருபத்தொன்பது வருஷம் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவர். தினமும் காலையில் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் பேர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. அந்த செக்ரோலில் நாற்பத்தொன்றாம் நம்பர் ராசாத்தி. இப்போது தனியாக இருக்கும் அவருக்கு இரண்டு வேளையும் சமைத்துப் போடுகிறாள்.

"காப்பி கிடக்கட்டும். இதுக்குப் பதில் சொல்லு." நோட்டைப் பிரித்தார். "மூணு ராத்திரி. படுக்கப் போறப்ப மீட்டர்ல ஒண்ணு இருக்கு, விடிஞ்சா வேற ஒண்ணு இருக்கு. மொத்தம் பதினாறு கிலோமீட்டர். என் செருப்புல செம்மண். வண்டியை எடுத்தவன் செருப்பையும் மாட்டிட்டுப் போயிருக்கான். உன் தம்பி சின்னன்தானே?"

"அவனுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதுங்க."

"அப்புறம் ரெண்டு வாரமா ராத்திரியில மீட்டர் நகரல. அது ஏன்னும் கண்டுபிடிச்சுட்டேன். ஒயரைக் கழட்டிவிட்டு ஓட்டறீங்க."



இதைப் பிடிப்பதற்காக அருள்சாமி நேற்று மாத்திரை போடவில்லை. போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் கிடையாது. சேலத்து டாக்டர் தூக்கத்துக்கென்று ஒன்று கொடுத்திருந்தார். அதைப் போட்டும் நடுராத்திரியில் முழிப்புத் தட்டியது. மலைமேல் இருக்கும் டாக்டர் அரிப்புக்குக் கொடுத்த மாத்திரையும் தூக்கத்தைக் கொண்டுவரும் என்பதை அவராகவே கண்டுகொண்டார். ஒரு டாக்டரைப் பற்றி இன்னொரு டாக்டரிடம் பேசுவது மரியாதையல்ல என்பது அவர் கொள்கை. ஆகவே இருவருக்கும் சொல்லாமல் இரண்டையும் சேர்த்தே விழுங்கினார். இரண்டு மாதமாக அடித்துப் போட்டாற்போல் தூக்கம்.

நேற்று அது இல்லை. விடிய விடியக் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடை. உட்கார்ந்தால் கால் அரித்தது, நின்றால் கடிகாரம் உறுத்தியது. கண் இரண்டும் கோவைப்பழம்.

"என்கிட்டயே வேலையைக் காட்டறியா? இருபத்தொன்பது வருஷத்துல, பொழுது சாய்ஞ்சப்புறம் ஒரு கவாத்துக் கத்தி என்னை மீறி வெளிய போயிருக்குமா?"

போயிருக்காதுதான். காப்பிச் செடி கழிக்கும் கத்தியை அவரவரும் மாலையில் அவரிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். 'ராத்திரியில யாருக்கு எப்பப் புத்தி தடுமாறும்னு சொல்ல முடியாது' என்பார். தடுமாறாதவர்களும் ஒப்படைத்தார்கள். காலையில் ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

"நாளையிலிருந்து நீ வர வேண்டாம். ஷெர்வினுக்கும் ஒரு வார்த்தை சொல்லிடறேன்" என்று செல்போனை எடுத்தார். ஷெர்வின் அவர் மகன், சென்னையில் இருப்பவன்.

வேலை போனதற்கு அசையாதவள் இப்போது இரண்டெட்டு முன்னால் வந்தாள். "ஷெர்வின் தம்பிக்கு மட்டும் போன் போடாதீங்க."

"பயமா இருக்கா?"

"ஆமாங்க. தெரிஞ்சா உங்களை மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயிருவாருங்க. அங்க வந்தா ஒரு மாசத்துல செத்துருவேன்னு நீங்கதான சொல்லுவீங்க."

"என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போறான்? நான் என்ன பண்ணினேன்?"

ராசாத்தி குரலைத் தாழ்த்திக்கொண்டாள், வீட்டில் வேறு யாரும் இல்லாவிட்டாலும்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னால அடிவாரத்துல ஒரு கல்யாணமுங்க. முடிஞ்சு, வாடகை ஜீப்பு ஓட்டற பிரபாகரோட வண்டியில வந்துட்டிருந்தேன். மேல கடைசி வளைவுல லைட்டு அடிச்சுது, பாத்தா நீங்க. லுங்கியோட வண்டிமேல உக்காந்திருக்கீங்க. முன்சக்கரம் தடுப்புச் செவுத்துல முட்டி நிக்குது. கண்ணு தொறந்துதான் இருக்குது, உள்ள ஆளு இல்லீங்க. கூப்பிட்டா, 'நம்பர் சொல்லு'ன்னீங்க. நாப்பத்தொண்ணுன்னேன். 'லேட்டு, அரை நாள் கட்டு'ன்னீங்க."

அருள்சாமி உட்கார்ந்தார்.

"ஐயா வண்டி மக்கருன்னு சொல்லி ஜீப்பை அனுப்பிட்டேன். நான் வண்டியத் தள்ள, நீங்க செக்ரோல் கூப்பிட்டுக்கிட்டே ஊடு வரைக்கும் பின்னால வந்தீங்க. காலையில ஒண்ணும் தெரியாம, காப்பியில சக்கரை நொம்பன்னு சத்தம் போட்டீங்க."

படிக்காத காகிதத்தில் கையெழுத்துப் போட்டதில்லை என்பது அருள்சாமியின் பெருமை. மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடிந்திருந்த காகிதத்தை இன்றுதான் பிரித்தார். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார். தூக்கத்திலேயே எழுந்து நடக்கலாம், வண்டி ஓட்டலாம், விழித்தபின் நினைவிருக்காது, தூக்கம் தரும் வேறு மருந்தைச் சேர்த்தால் இது இன்னும் கூடும் என்று போட்டிருந்தது.

செல்போனில் மகன் பெயரைத் தாண்டிப் போய் சேலத்து டாக்டரின் பெயரைத் தேடினார். மலைமேல் டாக்டரைப் பற்றி அவரிடம் பேச வேண்டியிருந்தது.

"என்கிட்டயாவது அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ராசாத்தி."

"நம்பியிருப்பீங்களாக்கும். சாட்சி எங்க, கையெழுத்து எங்கன்னு கேட்டிருப்பீங்க."

"அதுக்காக, தெனமும் சாவியை எடுத்துட்டுப் போறதா? திருடின்னு பேர் வாங்கணும்னு என்ன தலையெழுத்து உனக்கு?"

ராசாத்தி அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே சொன்னாள்:

"எடுத்துட்டுப் போகலீங்க. பொழுது சாய்ஞ்சா ஒப்படைக்கோணும்னு நீங்க போட்ட சட்டமுங்க அது. நீங்க மறந்துட்டீங்க, உங்களுக்குப் பதிலா நானே வாங்கி வெச்சேன்."