ஒரு வாளி புளித்த தண்ணீர்

"ரோஷம் இருந்தா இன்னிக்கு ஊத்திப் பாருடா!"

மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பெரியவர் கத்தினார். மனைவி ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"என்னங்க இது? பதினோரு வருஷம் மல்லுக்கட்டி, நகராட்சியில எழுதிக் குடுத்து, இப்பத்தான் ஒரு மாசமா ஊத்தாம இருக்காங்க. நீங்களே வலியப் போய் வம்புக்கு இழுக்கறீங்களே!"

"நீ உள்ள போ. இது குடும்ப மானம்."

மதிலுக்கு அந்தப் பக்கம் இருப்பது சொந்தத் தம்பி. பாகப்பிரிவினையோடு பேச்சு வார்த்தை நின்றுவிட்டது. அன்றிலிருந்து தம்பி வீட்டுக் கழனித்தண்ணீர் பானையில் கிடந்து புளித்து, நாள் தவறாமல் மதில் தாண்டி வந்து அண்ணனின் வைக்கோல்போரில் விழும்.

வைக்கோலைக் கரைத்து எரிவாயு எடுக்கும் ஆலை, அந்த வைக்கோலைத்தான் தேடி வந்து வாங்கியது. மற்றவர்கள் வைக்கோல் ஆலைத் தொட்டியில் கரைய ஒரு மாதம் ஆகும். இவருடையது பத்தே நாள். "எங்க குடும்பத்து மண்ணு அப்படி" என்று மீசையை நீவிக்கொள்வார்.

நேற்று ஒரு லாரி வைக்கோல் அப்படியே திரும்பி வந்துவிட்டது. "கம்பி மாதிரி இருக்கு, கரையல" என்று டிரைவர் நடுத்தெருவில் வைத்துச் சொன்னான். இன்னொரு லாரி திரும்பினால் ஆலை இவர் பெயரையே அடித்துவிடும்.

காலையில் ஆலையின் ஆய்வுக்கூடப் பெண் வந்து போரைக் கிளறிப் பார்த்தாள்.

"மாடு மெல்லற மாதிரி, வைக்கோல முன்னாடியே மென்னு குடுக்க ஒரு கிருமிக் கூட்டம் வேணும் ஐயா. உங்க போர்ல அது நிறைய இருந்துச்சு. இப்ப செத்துப்போச்சு."

பிறகு குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னாள். பெரியவர் முகம் சிவந்தது.

"என் தலையே போனாலும் அது நடக்காது!"

"இதோ வந்துடறேன்" என்று அவள் வெளியே போனாள். திரும்பி வந்து, குழாயடியில் பாட்டில்களைக் கழுவத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் முற்றத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்த பெரியவர், திடீரென்று மதிலடியில் போய் நின்று கத்த ஆரம்பித்தார்.

"என்னடா, ஒரு வாளி தூக்கக்கூடத் தெம்பில்லையா? வயசாயிடுச்சா?"

"அய்யோ, போதுங்க! அவரும் உங்க ரத்தம்தானே, அவருக்கு மட்டும் கோபம் வராதா?"

மனைவி சொல்லி வாய் மூடவில்லை. சளாரென்று மதிலுக்கு மேலிருந்து தண்ணீர் வந்து இறங்கியது. பாதி போரில், பாதி பெரியவர் தலையில். புளித்த வாடை முற்றமெங்கும் பரவியது.

இன்று வெட்டுக்குத்தில்தான் முடியும் என்று மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். சிரிப்புச் சத்தம் கேட்டுத் திறந்தாள். பெரியவர் மீசையில் நீர் சொட்டச் சொட்ட நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாட்டில எடும்மா, சீக்கிரம்! நீ சொன்ன கிருமி வந்துடுச்சு. அந்தப் பானைத் தண்ணிய அவன்கிட்டப் போய்க் கேக்கச் சொன்னியே, கேட்டேனா? அவனாத்தான் ஊத்தினான். நம்ம வீட்டு மானம் எங்கயும் போகல!"

அந்தப் பெண் குனிந்து, போரிலிருந்து வடிந்ததைப் பாட்டிலில் பிடித்தாள். முகத்தை நிமிர்த்தவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

மதிலுக்கு மேல் தம்பியின் தலை எழும்பியது.

"அந்தப் பொண்ணு காலையிலயே வந்து ரெண்டு வாளி கேட்டுச்சுண்ணே. நீயா ஒரு வார்த்தை பேசட்டும்னுதான் வெச்சிருந்தேன். கொஞ்சம் தள்ளி நில்லு, இன்னொண்ணையும் ஊத்திடறேன்."