கசப்புக் கனி

"பாய், இது சுருட்டா, இல்ல மாட்டுக் கொட்டகையில கொசுவுக்குப் போடுற மூட்டமா?"

கோவிந்தசாமி போட்ட சத்தத்தில், தேக்கா சந்தைப் பக்கம் போய்க்கொண்டிருந்த ரிக்‌ஷாக்கள்கூட நின்றுவிட்டன.

சுருட்டுக் கடை நாகூர் கனி உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை.

"என்ன அண்ணே குறை?"

"குறையா? ரெண்டு இழுப்புக்குள்ள நாக்கு கசந்து, கண்ணு கலங்கி... என் மாடே என்னைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு!"

கூட்டம் சிரித்தது. கோவிந்தசாமி சிரிக்கவில்லை.

ஆற்றங்கரைக் கிடங்குகளிலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வரும் மாட்டுவண்டிக்காரர் அவர். வாயில் சுருட்டு இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. இப்போது வண்டி ஓட்டவில்லை. இடது காலில் பெரிய கட்டு, கையில் ஊன்றுகோல். மாடு மிதித்த புண், மாதக்கணக்கில் ஆறாமல் சீழ் பிடித்துக் கிடந்தது. போதாததற்கு, தெருவில் யாருக்குச் சளி பிடித்தாலும் அடுத்து அவர் வீட்டுக்குத்தான் வரும்.

ஆஸ்பத்திரி டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"கிடங்கு வாசல்ல ஜாகாக்காரன் காவலுக்கு உட்கார்ந்திருக்கான்ல? அந்த மாதிரி உன் ரத்தத்துலயும் காவல்காரங்க இருக்காங்கப்பா. கிருமி உள்ள வந்தா அடிச்சு விரட்டுறது அவங்கதான். நீ விடிஞ்சா அடைஞ்சா புகையைப் போட்டு அவங்களை மயக்கி வெச்சிருக்கே. புண்ணு எப்படி ஆறும்? சுருட்டை விடு. இல்லேன்னா காலை எடுக்க வேண்டி வரும்."

"புண்ணு கால்ல, சுருட்டு வாயில. ரெண்டுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒன்றைப் பற்ற வைத்தவர் கோவிந்தசாமி.

இப்போது கடை வாசல் சத்தம் கேட்டு, பக்கத்து ஜவுளிக்கடை மருதப்பன் நியாயம் கேட்க வந்தார்.

"நானும் இங்கதான் வாங்குறேன். எனக்கு நல்லாத்தானே இருக்கு?"

"அப்ப மட்டச் சரக்கையெல்லாம் பொறுக்கி என் தலையில கட்டுறானா!" என்று குதித்தார் கோவிந்தசாமி. ஒற்றைக் காலில்தான்.

மருதப்பனுக்கும் கோபம் வந்தது. "நடக்க முடியாதவர், வேற கடை தேடிப் போகமாட்டார்ங்கிற தைரியமா பாய்?"

"நான் குடுக்கிறது இதுதான். பிடிக்கலேன்னா பக்கத்துக் கடையில வாங்கிக்கட்டும்" என்றார் கனி, கூசாமல்.

"எதுக்கு? இந்த வட்டாரம் பூரா சரக்கு போடுறதே நீதான். எங்க வாங்கினாலும் லாபம் உனக்குத்தான் வரும்!" கோவிந்தசாமி சுருட்டைத் தூக்கிச் சாக்கடையில் வீசினார். "மாரியம்மா மேல சத்தியம்! இனிமே சுருட்டையே தொடமாட்டேன். உன் வியாபாரம் எப்படிப் படுக்குதுன்னு பார்க்கிறேன்!"

"உங்க இஷ்டம் அண்ணே."

அன்றிலிருந்து தெருவில் பாய்க்குப் பெயரே 'கசப்புக் கனி' ஆகிவிட்டது.

சுருட்டில்லாத கோவிந்தசாமி கிராம்பைக் கடித்தார். கரும்பைக் கடித்தார். பெண்டாட்டி ரத்தினம்மாவையும் கடித்துக் குதறினார். கை பரபரக்கும்போதெல்லாம் கனியின் முகம் நினைவுக்கு வரும். 'இவனுக்கா லாபம்?' என்று பல்லைக் கடித்துக்கொள்வார்.

புண் வாடியது. பிறகு காய்ந்தது. கட்டு சின்னதாகி, ஒருநாள் இல்லாமலே போனது.

மழைக்காலம் முடிகிற நேரம், கழுத்து மணி குலுங்க ஒரு மாட்டுவண்டி கனி கடை வாசலில் வந்து நின்றது. கோவிந்தசாமி இரண்டு காலாலும் குதித்து இறங்கினார்.

"பார்த்தியா பாய்! தெருவே தும்முது, எனக்கு ஒரு தும்மல் இல்ல. கால் எப்படி இருக்கு பார்! உன் சுருட்டு இல்லாம நான் ஒண்ணும் செத்துப் போயிடல!"

"நஷ்டம் எனக்குத்தான் அண்ணே" என்று கனி தலையைக் குனிந்துகொண்டார்.

"அது!" என்று மீசையை முறுக்கிவிட்டு வண்டியைக் கிளப்பினார் கோவிந்தசாமி.

சுருட்டு வாங்கிப் பற்ற வைத்துக்கொண்டிருந்த மருதப்பன் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லா வேணும் பாய் உங்களுக்கு!"

வண்டி தெருக்கோடியில் திரும்பியதும், எதிர்ச் சந்திலிருந்து ரத்தினம்மா வந்தாள். கையில் மூடிபோட்ட தூக்குவாளி.

"பாயசம் அண்ணே. பிள்ளைகளுக்குக் கொண்டு போங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்த வேப்பிலைச் சருகு இன்னும் ஒரு கூடை காயவெச்சது கிடக்கு. என்ன பண்ணட்டும்?"

"எருக்குழியில போட்டுரு தங்கச்சி. இனிமே அவருக்குத் தனியாச் சுருட்டு சுத்த வேண்டியதில்ல."

மருதப்பனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"பாய்... அப்ப அது மட்டச் சரக்கு இல்லையா?"

"காலை எடுக்கணும்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு, இந்தப் பிள்ளை வந்து என்கிட்ட அழுதுச்சு. வேற வழி தெரியல."

"இப்பவாவது அவர்கிட்ட உண்மையைச் சொல்லுங்களேன். தெருவே உங்களைத் திட்டுது!"

"ஐயோ, வேண்டாம்" என்று பதறினார் கனி. "என்மேல இருக்கிற கோபத்துலதானே விட்டார்? கோபம் போச்சுன்னா சுருட்டு திரும்பி வந்துரும். அவர் கால் நல்லா நடக்குது. என் பேரு நொண்டினா நொண்டட்டும்."

மருதப்பன் வாயிலிருந்த சுருட்டை எடுத்தார், முகர்ந்து பார்த்தார். கமகமவென்று மணத்தது.

"ஏன் பாய், என்மேல உங்களுக்கு என்ன கோபம்? எனக்கு மட்டும் நல்ல சுருட்டாவே குடுக்குறீங்களே!"