சாமி அலமாரியில் போன்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று கவலையாக இருக்கிறது. ஒரு வார்த்தை மாறினாலும் எனக்குப் பைத்தியம் என்பார்கள்.

எங்கள் சாமி அலமாரியில் ஒரு வெண்கல மணி இருக்கிறது. காலையில் கோயில் அபிஷேகத்தை நேரலையில் பார்ப்பதற்காக, போனைச் சாமி படத்தில் சாய்த்து வைப்பேன். அன்றும் அப்படி வைத்துவிட்டுப் பூப்பறிக்கப் போனேன். திரும்பி வரும்போது உள்ளே பேச்சுக் குரல் கேட்டது.

“மணியக்கா, இந்தம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி” என்றது போன்.

மணி பதறியது. “புருஷனிடம்கூட அவள் சொல்லவில்லையே! உனக்கு எப்படித் தெரியும்?”

“ராத்திரி என்னிடம்தானே கேட்டாள். உங்கள் சாமி பதில் சொல்வாரா? நான் உடனே சொல்வேன்.”

“சரி தம்பி, மனதோடு வைத்துக்கொள்.”

“அதற்குள் எல்லோருக்கும் சொல்லிவிட்டேனே! ஆஸ்பத்திரிக்காரன், இன்சூரன்ஸ்காரன், சவுரிமுடி விற்கிறவன் எல்லோரும் அவளைத் தேடி வருகிறார்கள்.”

“அடப்பாவி! எத்தனை பேர் சாமியிடம் வந்து அழுதிருக்கிறார்கள்? அவர் யாரிடமாவது வாய் திறந்திருக்கிறாரா?”

“அதனால்தான் அவரைப் படமாக மாட்டிவிட்டு, என்னைக் கையில் வைத்திருக்கிறார்கள்” என்று போன் சிரித்தது. “இன்று அவள் அவரிடம் என்ன கேட்பாள் என்றும் பார்க்கிறேன்.”

போனை அணைத்துவிடலாமா என்று நினைத்தேன். அணைத்து வைத்தாலும் அது கேட்குமோ என்னவோ. ஒன்றும் தெரியாதவள்போல் உள்ளே போய் விளக்கேற்றினேன். பிறகு மணியை எடுத்து, விடாமல் ஆட்டினேன். அந்தச் சத்தத்துக்குள்தான் சாமியிடம் சொன்னேன், எனக்குச் சாக விருப்பமில்லை என்று.