ஜெட்டோடு சேர்த்து விற்கப்பட்ட பைலட்

அந்தப் பழைய ஆறு சீட்டு ஜெட், பைலட் ஆத்மநாதனின் நாடித்துடிப்பு கேட்டால்தான் கிளம்பும். அதனால் வாங்குகிறவர்கள் அவரையும் சேர்த்தே வாங்கினார்கள். நாலு முதலாளி பார்த்தாயிற்று. இனி யாரும் வாங்காவிட்டால்தான் அவர் மனைவியிடம் வீடு போய்ச் சேரலாம்.

வாடகைக்கு விட ஜெட் தேடி வந்த செண்பகவல்லி டயரை உதைத்துப் பார்த்தார், இன்ஜினை முகர்ந்து பார்த்தார். பிறகு, "சார், நாக்கை நீட்டுங்க," என்றார்.

ஆத்மநாதன் கூரைப் புறாக்கள் அடுத்த ஜில்லாவுக்கே பறக்கும்படி இருமினார்.

"இது தேறாது போலிருக்கே," என்று திரும்பினார் செண்பகவல்லி.

"நம்பாதீங்கம்மா," என்றது ஜெட். "என்னை விலை பேச ஆள் வந்தாலே இவருக்கு இருமல் வந்துடும். மத்தபடி ஆள் கல்லு மாதிரி."

செண்பகவல்லி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

ஆத்மநாதன் ஏறி, தொப்பென்று உட்கார்ந்தார். பெல்ட்டை ஜெட்டே மாட்டிவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க சார்," என்றது மெதுவாக. "நீங்க வீட்டுக்குப் போனா, நான் பழைய இரும்பு எடைக்குப் போகணும்."